சிவப்புப் பட்டை

ஆகஸ்ட் 9, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறினேன். பால்கூடக் காய்ச்சவில்லை. அவரும் மகள் கவிநயாவும் எழுவதற்குள் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். உள்ளே முழுக்கப் பஞ்சு. திருப்பூரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பஞ்சுதான் இருக்கும் போல. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன்.

ஆடித் தள்ளுபடியில் அவர் வாங்கி வந்த எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் பல நாளாக ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. எங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு வெங்காயம் உரித்து முடிக்கலாம், அவ்வளவு மெதுவு. புதிய டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுக்கொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை மற்ற ஃபைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னார்களாம். கடையிலேயே கொடுத்துச் செய்துவிடலாம் என்றார் அவர். நான்தான் வேண்டாம் என்றேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவளுக்கு ஒரு வயரைச் செருகத் தெரியாதா?

"மிக்ஸி பிளக்கு மாட்டற மாதிரி இல்லீங்க அம்மணி. பாத்து," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே செய்தேன் என்று சொல்லலாம்.

முதலில் புதிய டிஸ்க் தெரியவே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். டேட்டா வயர் செருகியிருந்தது, பவர் வயர் செருகவில்லை. உபரியாக ஒரு வயரும் இல்லை. யாரும் பயன்படுத்தாத டிவிடி டிரைவிலிருந்து பிடுங்கி மாட்டினேன். அப்படியும் தெரியவில்லை. போர்டில் வேறு துளையில் மாற்றிச் செருகிய பிறகு தெரிந்தது. கவிநயா கை தட்டினாள். விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே தோசை சுட்டேன்.

எங்கள் வீட்டில் டிரைவுகளுக்குப் பெயர் கிடையாது, எழுத்துதான். எல்லாவற்றிலும் லோக்கல் டிஸ்க் என்றே போட்டிருக்கும். சி கம்ப்யூட்டருடையது. டி வளர்மதியுடையது. ஈ கவிநயாவுடையது. எஃப் அவருடையது. "ஏன் டியில கொண்டாந்து வெச்சே? அது அத்தையோடது" என்று கவிநயாவுக்குத் திட்டு விழும். எனக்கென்று ஓர் எழுத்து இல்லை. நான் கேட்டதும் இல்லை.

வளர்மதி அவருடைய தங்கை. காங்கேயத்தில் கணவன் வீட்டைவிட்டு எங்களிடம் வந்து இது இரண்டாவது ஆடி. பனியன் துணியில் பூவும் யானையும் தைக்கிற எம்ப்ராய்டரி மிஷின்களுக்கு டிசைன் போட்டுத் தருகிறாள். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் அவள்தான். மாரியம்மன் நோம்பிக்காகக் கோபியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதனால்தான் இந்த வேலையை இன்று வைத்துக்கொள்ள முடிந்தது.

கவிநயா தன்னுடையதை எல்லாம் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டாளாம். "ஈ காலிம்மா. ஃபார்மட் பண்ணி நீங்களே எடுத்துக்கோங்க, போட்டோ வெச்சுக்கலாம்," என்றாள். ஃபார்மட் செய்தேன். ஒரு நொடியில் முடிந்தது.

அவர் வந்து ஆன் செய்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. "பரவால்லையே!" என்றார். பக்கத்து வீட்டு ஈஸ்வரிக்கும் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளி சாதம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் வந்தது, பிடித்தோம். எழுத வேறு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வளர்மதி காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். எனக்குக் குண்டுமல்லிச் சரம், கவிநயாவுக்கு நோம்பிக் கடையில் வளையல். செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி, கம்ப்யூட்டரு பறக்குதாமா? அண்ணன் போன்ல ஒரே பெருமை!" என்றாள். நான் பூவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே மவுஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிளிக், கிளிக். பிறகு நின்றது. பிறகு வேகமாக.

"அண்ணி, என்ற டிசைனெல்லாம் எங்கீங்க?"

டியைத் திறந்தால் பழைய விண்டோஸ் இருந்தது. ஈயில் ஒன்றும் இல்லை. எஃப்பில் ஒன்றும் இல்லை. ஜியில் அவருடைய ஃபைல்கள் இருந்தன. வளர்மதியுடையது எதிலும் இல்லை.

நேற்றே எனக்குத் தெரியும். தண்ணீர் பிடித்துவிட்டு வந்து, புது வேகத்தைப் பார்க்கிற ஆசையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எஃப்பில் கவிநயாவின் பள்ளிக்கூடப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் இருந்தது. அவருடைய எஃப்பில் இது எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் புரிந்தது. புதிய டிஸ்க் சி ஆனதும், பழையதில் இருந்தவை எல்லாம் ஓர் எழுத்து தள்ளி உட்கார்ந்துவிட்டன. பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர் ஏறி உட்கார, மற்றவர்கள் ஒவ்வொரு சீட்டாகப் பின்னால் போவதுபோல. நான் கவிநயாவின் எழுத்தைத்தான் அழித்தேன். அதில் உட்கார்ந்திருந்தது வளர்மதி.

சொல்லியிருக்கலாம். கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றேன். வாய் திறப்பதற்குள் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார்.

"என்னம்புள்ள, என்னாச்சு?"

"டிசைனெல்லாம் காணோமுங்கண்ணா. எல்லாமே."

"அந்தக் கம்பெனிக்கும் இந்தக் கம்பெனிக்கும் ஒரே பென் டிரைவக் கொண்டுட்டு அலஞ்சா? வைரசு ஏத்தியிருப்பே. தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

"அது கோபி போறதுக்கு முந்தியே செருகுனதுண்ணா."

"அப்பவே ஏறியிருக்கும். உள்ளயே இருந்து தின்னிருக்கும். ஏன் சுகந்தி, அப்படித்தானே?"

என்னைக் கேட்டார். இந்த வீட்டில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னைக் கேட்டார்.

"இருக்கலாம்," என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இட்லிக்கு ஊறப்போட்டேன். கேஸ் பதிவு செய்தேன். அவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்தேன்.

வளர்மதி நேற்றெல்லாம் சாப்பிடவில்லை. இன்று மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து தானும் ஆய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, உங்க போட்டோவும் அதுல இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஏன்?"

"என்ற பென் டிரைவால உங்களுதும் போயிருச்சோன்னு. அப்படி எதாச்சும் போயிருந்தா மன்னிச்சுக்கோங்கண்ணி."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். பெருந்தன்மையான குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது?

அவளுடைய வேலையை நான் சரியாகத் தெரிந்துகொண்டதில்லை. இன்றுதான் கேட்டேன். கம்பெனிக்குக் கொடுப்பது மிஷின் படிக்கிற ஃபைல் மட்டும்தானாம். அதைத் திருத்த முடியாதாம். எந்தத் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று அவள் போட்ட மூல ஃபைல் எல்லாம் அவளிடம் மட்டும்தான் இருந்ததாம். நாளை, புதன்கிழமை, அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளை வரச்சொல்லியிருந்தார்கள். டிசைனர் வேலை. செய்ததை எல்லாம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் அங்கேயே பக்கத்தில் வீடு பார்த்துப் போய்விடலாம் என்று இருந்தாளாம்.

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே வளரு?"

"கெடைச்ச பொறவு சொல்லலாம்னு இருந்தனுங்க. நீங்களும் எத்தன நாளைக்குத்தான் ஹால எனக்கு விட்டுட்டு சமையக்கட்டுல உக்காந்துட்டு இருப்பீங்க."

அவள் கவனித்திருக்கிறாள்.

அவள் குளிக்கப் போனபோது மொட்டை மாடிக்குப் போய், போனில் தேடி, கோவையில் அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரும் ஓர் இடத்துக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"ஃபார்மட் பண்ணுனது எப்பங்க மேடம்?"

"சனிக்கிழமை."

"குவிக் ஃபார்மட்டா, ஃபுல்லா?"

"ஒரு நொடியில முடிஞ்சுது."

"அப்ப குவிக்தான். பயப்படாதீங்க, ஃபைலெல்லாம் அங்கயேதான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது காலி எடம்னு நெனப்பு, அவ்வளவுதான். மேல வேற எதாச்சும் எழுதுனாத்தான் நெசமா அழியும். அதுக்கப்பறம் அந்த டிஸ்க்ல எதாச்சும் காப்பி பண்ணுனீங்களா?"

"நான் பண்ணல."

"நீங்க பண்ணல, சரி. வீட்ல யாராச்சும்?"

வளர்மதி குளித்துவிட்டு வந்துவிட்டாளா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தேன்.

"மொதல்ல அந்த டிஸ்க்கோட வயரக் கழட்டுங்க மேடம். நேத்தே வந்திருந்தா இன்னும் கெடைச்சிருக்கும், இன்னிக்கு வந்தா இன்னிக்கு இருக்கறது கெடைக்கும். நாள் போகப் போக எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. ஃபைலு யாரோடதுங்க?"

"என்னுதுதான்."

"என்ன சாஃப்ட்வேர் ஃபைலு? எது எது முக்கியமா வேணும்?"

தெரியவில்லை என்றேன். அந்தப் பெண் மரியாதையாகவே, "ஃபைலு யாருதோ அவங்களப் பேசச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

வயரைக் கழற்றினால் அவருடைய ஜியும் போய்விடும். ஏன் கழற்றினாய் என்று அவர் கேட்பார். அதனால் கழற்றவில்லை. யாரும் எதையும் காப்பி செய்யாமல் இருக்க, மவுஸை மட்டும் எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வளர்மதி கம்பெனிக்குப் போகவில்லை. காலையில் தலை குளித்து, மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையோடு ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டாள்.

மவுஸ் காணாமல் போனதைப் பற்றி வீட்டில் பெரிய விசாரணை. "எலிய எலியே தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று அவர் சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். நானும் தேடினேன். குனிந்து, கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். என் வயதில் இப்படி நடிக்க முடியும் என்று நினைத்ததில்லை. சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கவிநயா தன் லேப்டாப் மவுஸைச் செருகி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்றே?"

"காலேஜ் டூர் வீடியோம்மா. லேப்டாப்ல எடமே இல்ல. ஈ சும்மாதானே இருக்கு?"

திரையில் ஒரு பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. ஊட்டி, குன்னூர், பஸ்ஸுக்குள் ஆட்டம். ஒவ்வொன்றும் எதன் மேல் ஏறி உட்காருகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நிறுத்து," என்றேன்.

"ஏம்மா?"

"கரண்ட் ஏறி எறங்குது. கம்ப்யூட்டர் கெட்டுப்போகும்."

அவள் மேலே ஃபேனைப் பார்த்தாள். அது ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினாள். "உங்களுக்கு என்னமோ ஆச்சும்மா," என்றாள். வளர்மதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காங்கேயத்திலிருந்து வளர்மதியின் கணவனின் அண்ணன் பேசினார். எங்கள் வீட்டில் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார்.

"ஆடியில வந்து கூப்பிடக்கூடாதுன்னுதான் பொறுத்திருந்தமுங்க மாப்பிள்ளை. ஞாயித்துக்கெழமை ஆவணி பொறக்குது. நல்ல நாளு. நாலு பேரு வந்து மொறையா கூட்டிட்டுப் போறமுங்க. தம்பியும் இப்ப அடங்கிப் பதனமா இருக்கறான்."

"அது வளருதானுங்க சொல்லோணும்."

"பழசையே பேசிட்டிருந்தா ஆகுங்களா? வந்து வீட்டப் பாத்துட்டு நிம்மதியா இருக்கட்டும். கம்ப்யூட்டரு கிம்ப்யூட்டரெல்லாம் எதுக்குங்க அதுக்கு?"

போன வருடம் ஆவணியிலும் இதே போன் வந்தது. அன்று வளர்மதி கீபோர்டைத் தட்டிக்கொண்டே, திரும்பாமலே, "வரலீங்க" என்றாள். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல, "என்னம்புள்ள?" என்று கேட்டார்.

"வரச் சொல்லுங்கண்ணா," என்றாள்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு அந்த ஒரு கணத்தில் என்ன தோன்றியது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். ஹால் காலியாகும் என்று தோன்றியது. நாற்காலியை ஜன்னல் பக்கம் போடலாம் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. மாவிளக்குப் போட்டோம். சுதந்திர தினமும் சேர்ந்துகொண்டதால் எல்லோரும் வீட்டில்.

பூஜை முடிந்து அவர்கள் கோயிலுக்குப் போனபோது, நான் தலைவலி என்று சொல்லி இருந்துவிட்டேன். மூடியைக் கழற்றினேன். பழைய டிஸ்க்கின் இரண்டு வயர்களையும் பிடுங்கினேன். நான்கு திருகு. கையில் எடுத்தபோது இவ்வளவு கனமா என்று இருந்தது. சனிக்கிழமை புதியதைப் பக்கத்தில் மாட்டும்போது இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கைக்குட்டையில் சுற்றி என் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை செய்ய வேண்டியது. போனில் அந்தப் பெண் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், அவர் ஒரு கேள்வி கேட்பாரே என்று, அதற்காக மட்டும், ஊட்டியையும் குன்னூரையும் உள்ளே விட்டேன்.

சாயங்காலம் அவர் ஆன் செய்து பார்த்துவிட்டு, "என்ற ஃபைலும் காணோம் சுகந்தி! ஜியே இல்ல!" என்றார்.

"வயரு லூசா இருக்குது. நாளைக்குப் பாக்கறேன்."

"வைரசு எனக்கும் வந்துருச்சாட்ட இருக்குது," என்று தங்கையைப் பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னால் போனேன். கட்டில் மேல் பெட்டி திறந்திருந்தது. அதிகம் ஒன்றுமில்லை. புடவைகள், ஒரு பை நிறைய நூல் கண்டுகள், நூல்களின் நிற அட்டை. அந்த அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"கவிக்குக் குடுங்கண்ணி. காலேஜ்ல எதுக்காச்சும் ஆகும்."

"நீயே வெச்சுக்க வளரு. அங்க போயும் வேல செய்யலாமே."

சிரித்தாள். "அங்கயா? மறந்துட்டீங்களாண்ணி? அங்க கம்ப்யூட்டரு என்ன ஆச்சுன்னு."

மறக்கவில்லை. வந்த புதிதில் ஒரே ஒரு முறை சொன்னாள். யாரோ ஓர் ஆள் கம்பெனியிலிருந்து டிசைன் விஷயமாகப் போன் செய்தான் என்பதற்காக, அவள் கணவன் சுத்தியலை எடுத்துவந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் பார்க்கப் பார்க்க உடைத்தானாம். மானிட்டர், கீபோர்டு, கடைசியாகப் பெட்டி. இங்கே வந்து அத்தனையையும் முதலிலிருந்து போட்டாள்.

"மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிச்சனுங்க. ஒருக்கா முடிஞ்சுது. இன்னொருக்கா என்னால ஆகாதுங்கண்ணி. எல்லாம் நானேதான் கெடுத்துக்கறேன். அங்க இருந்தாலும் போகுது, இங்க இருந்தாலும் போகுது. எனக்குத் தலையெழுத்து அப்படி."

"அப்படிச் சொல்லாதே."

"பின்ன எப்படிச் சொல்றதுங்க?" என்று என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் பதில் இருந்தது. பக்கத்து அறையில், பீரோவில், புடவைக்கு நடுவில் இருந்தது. நான் அவள் புடவை ஒன்றை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் போவதற்கு நானே பெட்டி கட்டினேன்.

இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பக்கத்தை இன்று திருப்பிப் படித்தேன். டிவிடி டிரைவின் வயரைக்கூட எழுதியிருக்கிறேன், தோசையை எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை. ஒவ்வொரு டிரைவுக்கும் கீழே ஒரு பட்டை இருக்கும். காலியாக இருந்தால் வெள்ளை. கொஞ்சம் இருந்தால் நீலம். நிறைந்துவிட்டால் சிவப்பு. காலி என்று கவிநயா சொன்ன ஈயின் கீழே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பாக இருந்தது. பார்த்தேன். விரல் ஒரு கணம் நின்றது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. திறந்து பார்த்தால் தெரிந்திருக்கும். நிறைந்திருப்பது யாருடையது என்று தெரியாது என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. இந்த வீட்டில் எதையாவது நிரப்பி வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

அழிக்க வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. அழியக்கூடாது என்று நினைத்தேனா? அதற்கும் இல்லை என்றுதான் வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி இன்றோடு முடிகிறது.

காலையில் வளர்மதி கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்தாள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். நாற்காலியில் அவள் போட்டிருந்த குஷனை எடுத்து வெயிலில் வைத்தாள். "அண்ணி, இனி நீங்க உக்காருங்க. ஜன்னப் பக்கம் போட்டுக்கிட்டா காத்து வரும்," என்றாள். என் மனசுக்குள் இருந்ததை எடுத்து என் கையிலேயே கொடுத்த மாதிரி இருந்தது.

அவள் போகச் சம்மதித்த காரணத்தைக் கேட்காமலே அவர் இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. மத்தியானம் சாப்பிடும்போது கவிநயாதான் கேட்டாள். "அத்தை, அந்த மாமா அடிப்பாருன்னு தெரிஞ்சும் எதுக்குப் போறீங்க?"

"சாப்பிடு கண்ணு," என்றாள் வளர்மதி.

"அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவளே வரச் சொல்லுன்னு சொன்ன பொறவு நான் என்னத்தச் சொல்றது?" அவர் பாதியில் கை கழுவிவிட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று பேருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு வழி தோன்றியது. எனக்கு மட்டும் தெரிந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நானே தனியாகக் கோவை போய்விட்டு வரலாம். ஏதாவது சாக்குச் சொல்லி, காங்கேயத்திலிருந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். மீட்டதைக் கொண்டுவந்து, வைரஸை எடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். கவிநயாவின் ஊட்டிக்கு அடியில் போனது போக மீதி கிடைக்கும். எது கிடைத்தாலும் வளர்மதி அழுவாள். என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவர் பக்கத்து வீட்டு ஈஸ்வரியிடம் சொல்வார். பி.எஸ்ஸி. இயற்பியல்.

அந்தக் காட்சியை நான் வெகு நேரம் ரசித்தேன். அதுதான் இந்த வாரத்திலேயே என்னை அதிகம் கூசவைத்தது. அவள் எனக்கு நன்றி சொல்வாள். செவ்வாய்க்கிழமை மன்னிப்பை வாங்கிக்கொண்ட அதே முகத்தோடு நான் அதையும் வாங்கிக்கொள்வேன்.

காங்கேயத்துக்காரன் சுத்தியலை அவள் கண்ணெதிரே தூக்கினான். உடைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளால் எழுந்து வெளியே வர முடிந்தது. இங்கே உடைந்ததற்கு ஆள் இல்லை. அதனால் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொண்டு, அவனிடமே திரும்பப் போகிறாள்.

டிஸ்க்கை பீரோவிலிருந்து எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கோவைப் பெண்ணின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அதனோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். விடிந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்னால், அவரும் கவிநயாவும் இருக்கும்போதே, இதை வளர்மதியின் கையில் கொடுக்கப்போகிறேன். வைரஸ் இல்லை, நான் என்று சொல்வேன். பட்டை சிவப்பாக இருந்தது, பார்த்தேன் என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்றும் சொல்வேன். அதற்கு மேல் கோவைக்குப் போவதா காங்கேயத்துக்குப் போவதா, என் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவள் சொல்ல வேண்டியது.

நாளைக்கு வருகிறவர்களுக்கு வடை போட வேண்டும், பருப்பு ஊறப்போட்டு விடு என்று அவர் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். சரி என்றேன்.

ஊறப்போடவில்லை.